ஊவா மலையின் கணக்குப் புத்தகங்கள்

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் தேறி முகாமைத்துவ பீடத்துக்குத் தெரிவாகிற பிள்ளைகள், போவதற்கு முன் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். பசறை, ஹாலிஎல, லுணுகலை, மடுல்சீமை என்று தோட்டப் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "டீச்சர், கம்பஸ் தொடங்குறதுக்கு முன்ன என்ன படிச்சிக்கிட்டுப் போகணும்?" ஆங்கிலம் படி, கணினி படி என்று சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: நீ பிறந்த தோட்டத்தின் கணக்கைப் படித்துக்கொண்டு போ.

நான் கணக்கீடு கற்பித்தவள். எங்கள் அம்மா கொழுந்து எடுத்தவர். ஊவாத் தோட்டங்களில் நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகக் கணக்கு எழுதப்பட்டு வருகிறது. ஆள் கணக்கு, அரிசிக் கணக்கு, கொழுந்துக் கணக்கு, கடன் கணக்கு. யாருடைய உழைப்பு அந்த ஏடுகளில் ஏறியதோ அவர்களுக்கு அவற்றைப் புரட்டிப் பார்க்கும் உரிமை இருந்ததில்லை. பெரும்பாலும் வாசிக்க எழுத்தும் இருந்ததில்லை. அந்தக் குடும்பங்களிலிருந்து வணிகம் படிக்கப் போகிறவர்கள் இந்த வரலாற்றைத் தெரியாமல் விரிவுரை மண்டபத்தில் உட்காரக் கூடாது என்பது என் எண்ணம்.

மடுல்சீமைப் பிள்ளைகளிடம் நான் கோப்பியிலிருந்து தொடங்குவேன். ஊவா மலையில் தேயிலைக்கு முன்னால் இருந்தது கோப்பி. 1869இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடி படியக் கண்டார்கள். பேராதனைப் பூங்காவிலிருந்து மாதிரி இங்கிலாந்துக்குப் போனது. அங்கே அந்தப் பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். மருந்து கிடைக்கவில்லை. துரைமாரும் முதலில் பதறவில்லை. விளைச்சல் குறைந்துகொண்டு வந்தாலும் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்ததால் வருமானம் குறையவில்லை. அந்தத் தைரியத்தில் இன்னும் காடு வெட்டி, இன்னும் கோப்பியே நட்டார்கள். கடன் வாங்கி நட்டார்கள். விலை இறங்கத் தொடங்கியபோது தாங்கிப் பிடிக்க விளைச்சல் இல்லை.

தோட்டங்களை நம்பிக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவைச் சாத்தியது. இலங்கையில் அப்போது புழங்கிய பண நோட்டுகள் பெரும்பாலும் அந்த வங்கி வெளியிட்டவை. கையிலிருந்த நோட்டு செல்லுமா செல்லாதா என்று மக்கள் கலங்கியபோது, ஆளுநர் ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். அரசாங்கமே பண நோட்டு வெளியிடும் ஏற்பாடு அதே ஆண்டில் சட்டமானது. இரண்டு ஆண்டு கழித்து, 1886இல், ஊவாவைத் தனி மாகாணமாக்கியவரும் அதே கோர்டன்தான். தோட்டங்கள் விழுந்த காலத்தில் தொழிலாளரின் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நின்றது. பஞ்சம் பிழைக்கக் கடல் கடந்து வந்தவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள்.

முதலாம் ஆண்டில் உங்களுக்கு அமெரிக்கக் கம்பனிகளின் வீழ்ச்சியை உதாரணமாகக் காட்டுவார்கள். படியுங்கள். வருமானம் ஏறியது விலையாலா அளவாலா என்று பிரித்துப் பார்க்காதவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு உங்கள் வீட்டுக்கு மேலே உள்ள மலையும் சாட்சி. விரிவுரையாளர் உதாரணம் கேட்கும்போது எழுந்து நின்று மடுல்சீமையைச் சொல்லுங்கள்.

கோப்பி விழுந்த இடத்தில்தான் லிப்டன் வந்து இறங்கினார். கிளாஸ்கோ நகரில் 1871இல் ஒரு மளிகைக்கடையோடு தொடங்கியவர். 1890இல் இலங்கைக்கு வந்தபோது விலை போகாத தோட்டங்கள் மலிவாகக் கிடந்தன. அப்புத்தளைக்கு மேலே தம்பேத்தன்னைத் தோட்டம் அவர் கைக்கு வந்தது. அங்கே அவர் கட்டிய தொழிற்சாலை இன்னும் நிற்கிறது. அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த இடத்துக்கு இன்று சுற்றுலாக்காரர்கள் வரிசையாகப் போகிறார்கள். பெட்டியில் வந்து கடையில் அள்ளி நிறுத்து விற்கப்பட்ட தேயிலையைப் பொட்டலமாக்கி, நிறையையும் விலையையும் அச்சிட்டு, இடைத்தரகர்களைக் குறைத்து, தன் கடைகளிலேயே விற்றார். விளம்பரங்களில் கொழுந்துக் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் படத்தைப் போட்டார். அந்தப் பெண்ணுக்கு நாட்சம்பளம் சதக்கணக்கில்தான். பெறுமதி எந்த இடத்தில் சேர்கிறது, சேர்ந்த பெறுமதி யார் கணக்கில் விழுகிறது என்று கேட்கப் பழகுவதற்கு இதைவிடக் கிட்டிய பாடம் எனக்குத் தெரியாது.

இதில் இன்னொன்று இருக்கிறது. எத்தனையோ பட்டதாரிகளிடம் கேட்டும் பதில் வராத கேள்வி அது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலையின் பருவம். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி வறண்ட காற்றாக இந்தப் பக்கம் இறங்கும். அந்தக் காற்றில் கொழுந்து மெல்ல வளரும். தேயிலையில் மென்தால் போன்ற ஒரு தனி வாசம் ஏறும். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் இந்தப் பருவத் தேயிலைக்காகக் காத்திருந்து வாங்குகிற நாடுகள் உண்டு. அதே மாதங்களில் செடியில் கொழுந்து குறைவு. அளவுக் கிலோ வராது, கைக்காசு வராது, அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம்தான் விழும். தேயிலைக்கு விலை ஏறும் மாதத்தில் அதைப் பறிப்பவரின் சம்பளம் இறங்குகிறது. இது ஏன், இதை வேறு விதமாக வகுக்க முடியுமா என்று ஒரு பிள்ளை தன் இறுதியாண்டு ஆய்வில் எழுதினால், அந்த ஒரு ஆய்வுக்காகவே நான் கணக்கீடு கற்பித்தது வீணில்லை என்பேன்.

இனி கங்காணிக் கணக்குக்கு வருகிறேன். இதுதான் எங்கள் மக்களின் முதல் பேரேடு.

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் கட்டி வரக் கங்காணி தோட்டத்தில் முன்பணம் வாங்குவார். ஊரில் அடைத்த கடன், பயணச் செலவு, வழியில் தின்ற சோறு, குளிருக்குக் கொடுத்த கம்பளி, எல்லாம் வந்தவரின் பேரில் கடனாக ஏறும். மலையில் கால் வைக்கும் முன்பே அவர் கடனாளி. தோட்டம் மாற வேண்டுமானால் துரை ஒரு துண்டு எழுதுவார். இத்தனை ரூபாய் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விடுவிக்கிறேன் என்பது அதன் சாரம். அடுத்த தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். ஆள் தட்டுப்பாடான காலங்களில் துரைமார் ஒருவரோடொருவர் போட்டி போட்டதால் துண்டில் தொகை ஏறிக்கொண்டே போனது. ஏறிய தொகையில் ஒரு பங்கு பெரிய கங்காணியின் கையில் நின்றது. கடன் மட்டும் கீழே இறங்கி வந்தது. இதற்கு மேல் தலைக்காசு: வேலைக்கு வந்த ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு இத்தனை சதம் என்று பெரிய கங்காணிக்குத் தோட்டம் கொடுத்தது. ஆட்கள் கூடினால் அவருக்கு வருமானம். ஆட்கள் விலகினால் நட்டம். அப்படியிருக்க, யாரும் கடன் தீர்ந்து போவதை அவர் எப்படி விரும்புவார்?

கணக்கீட்டுக் கண்ணோடு பாருங்கள். ஒரே மனிதர், கங்காணியின் ஏட்டில் சொத்து. தோட்டத்தின் ஏட்டில் கொடுத்த முன்பணம். தன் வீட்டில் கடன்காரர். மூன்று ஏட்டிலும் அவர் இருக்கிறார். ஒன்றிலும் அவர் கையெழுத்து இல்லை. 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையைத் தடை செய்தார்கள். கடனும் கங்காணியும் அதோடு மறைந்துவிடவில்லை. ஆனால் ஆளையே அடமானமாக மாற்றிக்கொள்ளும் அந்தக் காகிதம் ஒழிந்தது.

அடுத்த ஏடு செக்ரோல். இப்போதைய பிள்ளைகள் பலர் அதைப் பார்த்ததில்லை. இடப்பக்கம் ஆள் இலக்கமும் பெயரும். மேலே மாதத்தின் நாட்கள். வேலைக்கு வந்த நாளுக்கு ஒரு பேர். சொன்ன அளவுக்குக் கிலோ வராவிட்டால் அரைப்பேர். "இன்னைக்குப் பேரு விழுந்திச்சா?" என்பதுதான் லயத்தில் சாயங்காலக் கேள்வி. வலப்பக்கம் கழிவுகள்: அரிசி, மா, தேயிலைத்தூள், முற்பணம், தீபாவளி முற்பணம், சலவைக்கு, சவரத்துக்கு, கோயிலுக்கு, சங்கச் சந்தா. எல்லாம் போக மிஞ்சியது கையில். மிஞ்சாத மாதங்களில் பாக்கி அடுத்த மாதத்துக்குப் போகும்.

எங்கள் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. லயன் காம்பராவில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் கோடு போடுவார். முழுப்பேருக்கு நெட்டைக் கோடு, அரைப்பேருக்குக் குட்டைக் கோடு, பேர் விழாத நாளுக்கு ஒரு சுழி. கொழுந்து மடுவத்தில் காலை, பகல், அந்தி என்று மூன்று நேரமும் நிறுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோவைக் கழிப்பார்கள். கழித்த கிலோவை அம்மா கோட்டுக்குக் கீழே புள்ளியாக வைத்தார். சம்பள நாளில் நான் சீட்டை வாசிக்க, அவர் சுவரைப் பார்த்துச் சரி, சரி என்று தலையாட்டுவார். ஒரு மாதம் இரண்டு நெட்டைக் கோடு கூடுதலாக இருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். "ஐயா, எனக்கு ரெண்டு பேரு கொறையுதுங்க. செவத்துல இருக்குங்க." கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "செக்ரோல்ல இருக்கிறதுதான் கணக்கு." அந்த இரண்டு நாள் சம்பளம் வரவே இல்லை.

பிற்பாடு வகுப்பில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று கற்பித்தபோதெல்லாம் அந்தச் சுவர்தான் என் மனதில் வந்தது. இரண்டு ஏட்டை எதிரெதிரே வைத்து, வித்தியாசத்துக்குக் காரணம் தேடுவதுதான் அந்தப் பாடம். எழுத்தறியாத ஒரு பெண் அதைச் சரியாகச் செய்திருந்தார். அவருடைய ஏட்டை ஏற்க ஆள் இல்லை, அவ்வளவுதான். முகாமைத்துவ மாணவர்கள் யாராவது "எங்க வீட்டுல யாருக்கும் இந்தப் பாடம் தெரியாது" என்று சொன்னால் நான் மறுத்துப் பேசுவேன். உங்கள் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது.

1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி, 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று வகுத்தார்கள். அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் அதையும் குறைத்தார்கள். தோட்டத்துக்கு வருமானம் தருகிற கொழுந்தைப் பெரும்பாலும் எடுத்தவர்கள் பெண்கள். ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் அவர்களுக்குக் கிடைத்தது 1984இல்தான். சம்பளப் பேச்சுவார்த்தை இன்று வரை ஓயவில்லை. ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை நிறைவேற 2021 மார்ச் வரை ஆனது.

வணிகம் படித்தவர் கம்பனிக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்குக் கோ. நடேசய்யரைச் சொல்வேன். தஞ்சாவூர்க்காரர். வர்த்தகமித்திரன் என்ற பெயரில் வணிகர்களுக்காகப் பத்திரிகை நடத்தியவர். தோட்டங்களுக்குள் வெளியார் கால் வைக்க முடியாத காலத்தில், புடவை வியாபாரியாக வேடம் போட்டுக்கொண்டு லயம் லயமாகப் போய்த் தொழிலாளரின் நிலையைப் பார்த்தார். துணி மூட்டையோடு போனவர் சேகரித்து வந்தது சம்பளக் கணக்கு, கடன் கணக்கு, பாக்கிக் கணக்கு. பிறகு தேசநேசன், தேசபக்தன் என்று பத்திரிகை நடத்தி அவற்றை எழுதினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். தொழிலாளருக்கான சட்டங்களைத் தமிழில் விளக்கி எழுதியவரும் அவர்தான். சந்தை ஆய்வு என்று நீங்கள் ஒரு பாடம் படிப்பீர்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது. அதை எதற்காகச் செய்யலாம் என்பதற்கு இந்த மனிதரின் வாழ்க்கை இருக்கிறது.

பதுளைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதை. 1940 மே மாதம் வேவஸ்ஸைத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். தொழிலாளர் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்டத்தை நடத்துவதில் அந்தச் சபையோடு கலந்து பேசத் துரை ஒப்புக்கொண்டார். ஆயுதத்தோடு வந்த பொலிஸ்காரர்களின் ஆயுதத்தைத் தொழிலாளர் பறித்த சம்பவமும் நடந்தது. ஊவாவின் மற்றத் தோட்டங்களுக்கும் வேலைநிறுத்தம் பரவியது. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பு என்று பாடப்புத்தகத்தில் ஐரோப்பிய நாடுகளின் உதாரணத்தோடு ஓர் அத்தியாயம் வரும். வேவஸ்ஸை அதில் இருக்காது. நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எஸ். எம். சுப்பையா பதுளையிலிருந்து பாராளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அவருக்கு வாக்களித்தவர்களைப் பிரஜையில்லை என்றாக்கியது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இப்படி நாடற்றவர்களானோரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க, 3,00,000 பேரை இலங்கை ஏற்க, மீதிப் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு அரசுகளும் ஆட்களைப் பங்கு போட்டன. பதுளை ஸ்டேஷனிலிருந்து எத்தனை குடும்பம் இரும்புப் பெட்டியோடு ரயிலேறியது என்பதை அந்த மேடையில் நின்று அழுதவர்கள் இன்னும் சொல்வார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது.

அந்த ரயில் பாதை பதுளையை எட்டியது 1924இல். அதற்கு முப்பது ஆண்டு முன்பே, 1894இல், பண்டாரவளை வரை வந்துவிட்டது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் மலையும் பள்ளமும் மறித்ததால் ஒன்பது வளைவுப் பாலம், தன்னையே சுற்றி இறங்கும் தெமோதரைச் சுற்றுப்பாதை என்று கட்டி முடிக்கக் காலமெடுத்தது. பதுளை ரயில்முனையானதும் பசார் வீதி நிமிர்ந்தது. அரிசி, துணி, எண்ணெய், கருவாடு எல்லாம் இங்கே இறங்கித் தோட்டங்களுக்கு ஏறின. கடனுக்கு வாங்குவதை எழுதக் கடைக்காரரிடம் ஒரு கொப்பி, வாங்குபவர் வீட்டில் ஒரு கொப்பி. இரண்டிலும் ஒரே தொகை ஏற வேண்டும். சம்பளத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமையானால் பசாரில் நிற்க இடம் இருக்காது. 1983 ஜூலைக் கலவரத்தில் பதுளையில் தமிழர் கடைகள் எரிந்தபோது சரக்கோடு கொப்பிகளும் எரிந்தன. வீட்டில் இருந்த கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டித் தம் கடனைத் தாமே சொல்லி அடைத்த தோட்டத்து மக்களை நான் அறிவேன். வணிகத்தில் நம்பிக்கை என்றால் என்ன என்று விளக்கச் சொன்னால் எனக்கு அவர்கள் முகம்தான் வரும்.

படிப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தோட்டப் பள்ளி என்றால் ஒரு மடுவம், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே நின்றன. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் அரசாங்கம் அவற்றை எடுத்த பிறகே மேல்வகுப்புகள் எட்டின. விஞ்ஞான ஆய்வுகூடம் இல்லாத பள்ளியிலும் கரும்பலகையும் ஓர் ஆசிரியரும் இருந்தால் கணக்கீடும் வணிகக்கல்வியும் பொருளியலும் நடத்தலாம். தோட்டத்துப் பிள்ளைகள் வர்த்தகப் பிரிவில் கூடியதற்கு இதுவே முதற் காரணம். மருத்துவமோ பொறியியலோ கிடைக்காததால் வந்த பிரிவு என்று சிலர் தாழ்த்திப் பேசுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் மக்களுக்கு மிகவும் தேவைப்பட்ட கல்வி அதுதான்.

2005இல் பதுளையிலேயே, பசறை வீதியில், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் எழுந்தது. முயற்சியாண்மையும் முகாமைத்துவமும் அங்கே ஒரு பட்டப்படிப்பு; தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் இன்னொன்று. லிப்டன் செய்ததையும் மடுவத்தில் நடப்பதையும் ஒரே வளாகத்தில் ஆராயலாம். அங்கே போனாலும், பேராதனை, ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம், கிழக்கு என்று எங்கே போனாலும், முதல் மாதங்களில் கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

முகவரியை மறைக்காதீர்கள். தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் பதுளை என்று மட்டும் எழுதும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 'தோட்டக்காட்டான்' என்று கேட்டு வளர்ந்த வலி அது; எனக்கும் தெரியும். ஹாலிஎலைக்குப் பக்கத்தில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த ஓர் எழுத்தாளர், தான் படிப்பித்த தோட்டத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு தெளிவத்தை ஜோசப் என்றே கடைசி வரை எழுதினார். அந்தப் பெயரால்தான் தமிழுலகம் அவரை அறிகிறது.

பகிடிவதைக்குப் பணிய வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். உங்கள் சாதியை, தோட்டத்தை, மொழியை இழுத்து அவமானப்படுத்தினால் தேதியோடு எழுதி வையுங்கள், பொறுப்பான விரிவுரையாளரிடம் போங்கள். அடுத்த ஆண்டு நீங்கள் சீனியராகும்போது அதைச் செய்யாதீர்கள். இது என் கண்டிப்பான வேண்டுகோள்.

ஆங்கிலத்தில் விரிவுரை நடக்கும்போது முதல் தவணை மலைப்பாகத்தான் இருக்கும். புரியாததைத் தமிழில் ஓரத்தில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். சிங்களத்தையும் விடாதீர்கள்; வங்கியிலும் தொழில் திணைக்களத்திலும் பிரதேச செயலகத்திலும் உங்கள் அம்மா அப்பாவுக்காகப் பேச வேண்டியவர் நீங்கள்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மகாபொல உதவித்தொகை கிடைத்தாலும் சேர்ந்த முதல் மாதமே கையில் வராது. அந்த இடைவெளியில்தான் கடன் நுழைகிறது. கடனுக்குப் போன் வாங்குவது, அதை அடைக்க நண்பரிடம் வாங்குவது, அதற்கு அம்மாவை நுண்கடன் எடுக்கச் சொல்வது. தோட்டங்களில் இன்று நுண்கடன் செய்வதைப் பார்த்தால் துண்டின் ஞாபகம் வருகிறது எனக்கு. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 50,000 ரூபாய் கடன், ஒரு வருடம், வட்டி 24 வீதம் என்கிறார்கள். வட்டி 12,000 சேர்த்து 62,000 ரூபாயைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 5,167 ரூபாய் வாங்குகிறார்கள். அம்மா ஒவ்வொரு மாதமும் முதலைத் திருப்பிக்கொண்டே வருகிறார். ஆனால் வட்டி கடைசி மாதம் வரை முழு 50,000 ரூபாய்க்கே போடப்பட்டிருக்கிறது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 42 வீதம். நிதி முகாமைத்துவத்தில் இந்தக் கணக்கை உங்களுக்குக் கற்பிப்பார்கள். கற்ற அன்றே வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது ஊழியர் சேமலாப நிதி. சம்பளத்தில் தொழிலாளியிடமிருந்து 8 வீதம் கழித்து, முதலாளி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதை எடுக்கலாம். ஆயுள் முழுக்க உழைத்ததற்குக் கையில் வரும் பெருந்தொகை அது. செக்ரோலில் முத்தம்மா என்று இருந்து, அடையாள அட்டையில் முத்துலெட்சுமி என்று இருந்தால், அந்தத் தொகை வருடக்கணக்கில் நின்றுவிடும். பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிய கணக்கப்பிள்ளைமாரும், வாசித்துப் பார்க்க முடியாத தொழிலாளரும் இருந்த காலத்தின் மிச்சம் இது. முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது அம்மாவின் சம்பளச் சீட்டு, சேமலாப நிதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை நான்கையும் எடுத்து வரிசையாக வையுங்கள். பெயர் ஒன்றா, பிறந்த தேதி ஒன்றா, கழித்த தொகை கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அவர் ஓய்வு பெறும் வரை காத்திருக்காமல் இப்போதே தோட்ட அலுவலகத்துக்கும் தொழில் திணைக்களத்துக்கும் எழுதுங்கள். உங்கள் வீட்டை முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கும் பார்த்துக் கொடுங்கள்.